அத்தோ: பர்மாவிலிருந்து மீண்ட தமிழரும் சென்னைக் கடற்கரைத் தெருவுணவும்

ஆய்வுச் சுருக்கம்

பல மொழியினரும் பல நாட்டினரும் கூடி வாழும் நகரத்தில் புதிய உணவுகள் தாமாகவே தோன்றிவிடும் என்பது பொதுவாக நிலவும் கருத்து. 1960களில் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் சென்னைக் கடற்கரைப் பகுதியில் விற்கத் தொடங்கிய அத்தோ, மொய்ங்கா, பேஜோ ஆகிய பண்டங்களைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை சோதிக்கிறது. பண்டங்களின் பெயர்கள், சேர்மானங்கள், அவற்றில் நேர்ந்த விலக்கல்களும் ஏற்றல்களும் ஆராயப்படுகின்றன. நெய்வேலி நிலக்கரி நகரியம், நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் ஆகிய இரண்டும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன. மக்கள் கலந்து வாழ்வதைக் காட்டிலும் பிழைப்பை இழந்தோர் உணவை விற்றாக வேண்டிய நிலையே தெருவுணவைத் தோற்றுவிக்கிறது என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: அத்தோ, பர்மா பஜார், தாயகம் திரும்பியோர், தெருவுணவு, கடன்சொற்கள், மந்தாரக்குப்பம்.

முன்னுரை

தமிழ் இலக்கியத்துக்கு அங்காடி புதிய பொருளன்று. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் தனித்தனியே விரித்துரைக்கிறது. அப்பம் சுட்டு விற்ற கூவியர் சங்க நூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் இடம்பெறுகின்றனர். வேற்றுமொழி பேசுவோர் கலந்துறைந்த துறைமுக நகரத்தைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அங்கு வந்திறங்கிய பண்டங்களுள் காழகத்து ஆக்கமும் ஒன்று. காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்று பொருள் கொண்டார். எனினும் இந்நூல்கள் வழியாக நாம் அறிவது பெரும்பாலும் விற்கப்பட்ட பொருளையே. விற்றவர் எங்கிருந்து வந்தார், எதை இழந்து வந்தார், தம் ஊர்ச் சுவையில் எதைக் கைவிட்டார் என்பவற்றை அவற்றிலிருந்து அறிய முடிவதில்லை. அத்தோ அத்தகைய வினாக்களை எழுப்புவதற்கு இடந்தரும் அண்மைக் காலச் சான்று. அதனைக் கொண்டுவந்த தலைமுறையினருள் சிலர் இன்றும் வாழ்கின்றனர்.

சென்னையில் இராஜாஜி சாலையும் அதன் பின்னுள்ள இரண்டாம் கடற்கரைச் சாலையும் சூழ்ந்த பகுதியில் மாலை நேரத்தில் அத்தோ கடைகளைக் காணலாம். நிறமேற்றிய தடித்த நூடுல்ஸ், மெல்லிய இழைகளாக அரிந்த முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், பொட்டுக்கடலை மாவு, புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, மிளகாய்த் தூள், கொத்தமல்லித் தழை ஆகியவற்றை அகன்ற பாத்திரத்தில் இட்டுக் கையால் பிசைந்து தருவர். உடன் ஒரு கிண்ணம் வாழைத்தண்டுச் சூப்பு வரும். வேகவைத்த முட்டையைக் கீறி, அதனுள் பொரித்த வெங்காயமும் பூண்டெண்ணெயும் புளியும் மிளகாயும் அடைத்துத் தருவதும் இக்கடைகளின் வழக்கம். ஆறிய நூடுல்ஸை அடுப்பேற்றாமல் கலந்து உண்பது தமிழர் சமையலில் முன்பு இல்லாத முறை. ஆயினும் இன்று சென்னையின் உணவுகளைப் பட்டியலிடுவோர் எவரும் அத்தோவை விடுவதில்லை.

கடல் கடந்த வாழ்வும் மீட்சியும்

1824 முதல் 1885 வரை நிகழ்ந்த மூன்று போர்களால் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. 1937 ஏப்ரல் 1 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக ஆளப்பட்டமையால் சென்னை மாகாணத்தவர் இரங்கூன் செல்வது, சட்டப்படி, வேற்று நாடு செல்வதாக இல்லை. நகரத்தார் வட்டித்தொழிலுக்குச் சென்றனர். அவர்களைக் காட்டிலும் பல மடங்கு மிகுதியாகத் துறைமுகக் கூலிகளும் அரிசி ஆலைத் தொழிலாளரும் வண்டியோட்டிகளும் சிறு கடைக்காரரும் சென்றனர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இரங்கூன் நகரத்தின் ஏறத்தாழ 4 இலட்சம் மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்.

உலகப் பொருளாதார மந்தம் இந்நிலையைக் குலைத்தது. நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்பித்தர இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் நகரத்தார் வசமாயின. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. 1930இலும் 1938இலும் இந்தியர்க்கு எதிரான கலவரங்கள் மூண்டன. அவற்றில் அடிபட்டோருள் நிலம் ஏதுமற்ற கூலிகளே மிகுதி. 1942இல் சப்பானியப் படையெடுப்பின்போது பல இலட்சம் இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தே தாயகம் மீண்டனர். வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா நடைப் பயணம்’ இவ்வரலாற்றுக்குத் தமிழில் கிடைக்கும் முதன்மையான சான்று.

போருக்குப் பின் பலர் பர்மாவுக்குத் திரும்பிச் சென்றனர். அத்தோவின் வரலாறு இவர்களோடும், அங்கேயே தங்கிவிட்டவர்களோடும் தொடர்புடையது. 1962 மார்ச் 2 அன்று தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டாண்டுகளுக்குள் வங்கிகளும் மொத்த வணிகமும் சில்லறைக் கடைகளும் நாட்டுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. கடையும் போய்க் கைப்பணமும் செல்லாமற்போன குடும்பங்கள் கப்பலேறின. உடன் எடுத்துவர அனுமதிக்கப்பட்ட பணமும் நகையும் மிகச் சொற்பம். அவ்வாறு தமிழகம் வந்தோர் 1.4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

அரசு இவர்களுக்குக் குடியிருப்புகளை அமைத்தது. சிறு கடன்களையும் வழங்கியது. சென்னை வியாசர்பாடியிலும் காரைக்குடி, திருச்சி போன்ற ஊர்களிலும் இக்குடியிருப்புகள் இன்றும் பர்மாவின் பெயராலேயே அறியப்படுகின்றன. 1969இல் கடற்கரை இரயில் நிலையத்துக்கு எதிரே, சாலையோரமாக, இவர்களுக்கென்று கடைகள் ஒதுக்கப்பட்டன; அதுவே பர்மா பஜார். அதே ஆண்டில் தாயகம் திரும்பியோர்க்கான கூட்டுறவு வங்கியும் தொடங்கப்பட்டது; இன்று அது ரெப்கோ வங்கி என்று வழங்குகிறது. பஜாரின் கடைகளில் வெளிநாட்டுப் பொருள்கள் விற்கப்பட்டன. கடை ஒதுக்கீடு பெறாதோர்க்கும், பெற்றும் முதலில்லாதோர்க்கும் எஞ்சிய வழிகளுள் ஒன்று அடுப்பும் பாத்திரமும் மட்டுமே முதலாகக் கொண்ட உணவு வணிகம்.

பெயர்கள் கூறுவன

பர்மிய மொழியில் ‘தோ’ என்று தொடங்கிக் குரல்வளை அடைப்பொலியில் முடியும் வினையடி, கையால் கலத்தலைக் குறிக்கும். அதனோடு ‘அ’ என்னும் முன்னொட்டுச் சேரும்போது கலந்து செய்த பண்டம் என்னும் பெயர் பிறக்கிறது. தமிழில் குரல்வளை அடைப்பொலி இல்லாமையால் இறுதி ஒலி கெட்டது, இடையிலுள்ள பல்லொலி இரட்டித்தது, ‘அத்தோ’ உருவாயிற்று. ‘பிசை’ என்னும் தமிழ் வினை இதே செயலைக் குறிக்கக் கைவசம் இருந்தும் பெயர் மொழிபெயர்க்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. இட்டலி, பரோட்டா, சமோசா ஆகியவற்றோடு போட்டியிட வேண்டிய தெருவில், விளங்காத பெயரே விளம்பரமாகவும் பயன்பட்டிருக்கலாம்.

பொருள் வேறுபாடு இதனினும் முக்கியமானது. பர்மியத்தில் அத்தோ என்பது ஓர் உணவின் பெயரன்று. ஒரு வகையின் பெயர். தேயிலை அத்தோ, இஞ்சி அத்தோ, தக்காளி அத்தோ, நூடுல்ஸ் அத்தோ என்று அது விரியும். சென்னையில் அவ்வகையுள் ஒன்று மட்டுமே நிலைத்து, வகைப்பெயர் முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. பர்மியர் மிகவும் விரும்பும் புளிக்கவைத்த தேயிலைக் கலவை சென்னைத் தெருவில் வேரூன்றவில்லை. அதற்குரிய தேயிலை இங்குக் கிடையாமையே காரணமாதல் வேண்டும். வகைப்பெயர் சிறப்புப்பெயராகச் சுருங்குவது கடன்சொற்களில் அடிக்கடி காணப்படும் மாற்றம். இங்கு அச்சுருக்கத்துக்கு மொழிக்காரணத்தோடு சந்தைக்காரணமும் உண்டு.

‘பேஜோ’ பலரையும் திகைக்கவைக்கும் சொல். பர்மியத்தில் ‘பே’ என்பது பயறு, பருப்பு வகைகளைக் குறிக்கும். ‘ச்சோ’ பொரித்தலைக் குறிக்கும். இரண்டும் புணரும்போது பின்னுள்ள ஒலி குரலொலியாக மாறி ‘ஜோ’ ஆகிறது. ஆக, பேஜோ என்பதன் நேர்பொருள் பருப்புப் பொரிப்பு. தட்டை போல மொறுமொறுப்பாகப் பொரித்த இதனை நொறுக்கி அத்தோவின் மேல் தூவுவதும் சூப்பில் ஊறவிட்டு உண்பதும் சென்னை வழக்கம். நூடுல்ஸுக்குப் பர்மியத்தில் வழங்கும் பெயர் ‘கௌசுவே’. மடித்தல், இழுத்தல் ஆகிய இரு வினைகளால் ஆன கூட்டுச்சொல் அது. கடைப்பலகைகளில் அது எழுதப்படும் முறை கடைக்குக் கடை வேறுபடுகிறது. ‘மொய்ங்கா’வில் ‘மொன்’ என்பது மாவுப்பண்டத்தையும் ‘ஹின்கா’ என்பது சாறு வகையையும் சுட்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. இச்சொற்கள் தெருவுக்கு வந்தது அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின்னர். எனவே இவற்றை அதில் தேடுவது பயனற்றது. பின்வந்த அகராதிப் பணிகள் எழுத்துச் சான்றையே பெரிதும் நம்புவன. கடைப்பலகையில் மட்டும் வாழும் சொல்லுக்கு அங்கு இடம் கிடைப்பது அரிது. பர்மாவிலிருந்து வந்த வேறொரு சொல்லோடு இதனை ஒப்பிடலாம். நகரத்தார் திருமணங்களில் இனிப்பாகச் சமைத்துப் பரிமாறப்படும் கவுனி அரிசி பர்மாத் தொடர்பால் செட்டிநாட்டுக்கு வந்ததாகவே கொள்ளப்படுகிறது. பர்மியத்தில் ஒட்டரிசியைக் குறிக்கும் ‘கௌஞ்ஞின்’ என்னும் சொல்லோடு அதன் ஒலியொப்புமை புறக்கணிக்கத்தக்கதன்று. இரண்டும் கடந்தது ஒரே கடலைத்தான். செல்வத்தோடு வந்த கவுனி விருந்துப் பந்தியில் அமர்ந்தது. செல்லாத பணத்தோடு வந்த அத்தோவுக்குக் கிடைத்தது நடைபாதை. உணவு வரலாற்றை எழுதுவோர் கவுனியைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்றும் அத்தோவைத் துரித உணவு என்றும் பிரித்து நோக்குவது இவ்வேறுபாட்டின் எதிரொலியே.

விடப்பட்டவையும் நின்றவையும்

பர்மிய நூடுல்ஸ் அத்தோவின் உயிர்நாடி மீன்சாறும் காய்ந்த இறால் பொடியும் ஆகும். ஙப்பி என்னும் மீன் விழுது இன்றிப் பர்மியர் அடுக்களை இயங்காது. மொய்ங்கா அடிப்படையில் மீன்குழம்பே. சென்னைத் தெருவில் இவை அனைத்தும் நீங்கின. நாற்றத்தைத் தமிழர் விரும்பமாட்டார் என்று இதற்கு எளிதாக விளக்கம் கூறிவிடலாம். ஆனால் அவ்விளக்கம் நிற்காது. கருவாட்டுக்குப் பெயர்பெற்ற கடற்கரை நகரம் சென்னை. கடைகள் அமைந்த இடத்தையே காரணமாகக் காட்டுவது பொருத்தம்.

கறுப்பர் நகரம் என்று வழங்கி 1906இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றம் பெற்ற பகுதியின் விளிம்பில் பர்மா பஜார் உள்ளது. தெலுங்குக் கோமுட்டிச் செட்டியாரும் குசராத்தியரும் மார்வாடியரும் தமிழ் முசுலிம்களும் அடுத்தடுத்த தெருக்களில் வணிகம் செய்யும் இடம் அது. ஆர்மீனியர் தெருவும் அங்கேதான். உயர்நீதிமன்றம், துறைமுகம், கடற்கரை நிலையம் ஆகியவற்றுக்கு வந்துபோகும் அலுவலரும் சுமைக்கூலிகளும் இக்கடைகளைக் கடந்தே செல்ல வேண்டும். அவர்களுள் மரக்கறி உண்போர் தொகை கணிசமானது. ஒரே ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு பிசைந்து விற்பவர், அப்பாத்திரத்தில் மீன்சாற்றை ஒருமுறை ஊற்றிவிட்டால் வாடிக்கையாளரில் ஒரு பகுதியை அடியோடு இழப்பார். அடிப்படைக் கலவையை மரக்கறியாக வைத்து, முட்டையைத் தனியே தருவதால் எல்லாரும் உண்ண வழி பிறக்கிறது. (வெங்காயமும் பூண்டும் விலக்கும் சமணருக்கு மட்டும் அத்தோ இன்றும் எட்டாப் பண்டமே.) பர்மியச் சரக்குகளின் வரத்து நின்றுபோனமையும் இதற்குத் துணைசெய்தது. மீன்சாற்றின் இடத்தை உப்பும் கூடுதல் புளியும் பூண்டெண்ணெயும் நிரப்பின.

வாழைத்தண்டுச் சூப்பு இங்குத் தனிக் கவனத்துக்கு உரியது. அத்தோவோடு அது ஏன் வருகிறது என்பதற்குக் கடைக்காரரிடம் வழக்கம் என்பதைத் தவிர வேறு விடை கிடைப்பதில்லை. பர்மாவில் மொய்ங்காக் குழம்பில் இளம் வாழைத்தண்டை அரிந்து இடுவர். கடலைமாவு கரைத்துக் குழம்பைத் தடிப்பாக்குவர். மேலே பேஜோவை நொறுக்கிப் போடுவர். சென்னைச் சூப்பிலும் வாழைத்தண்டு உண்டு, பேஜோ உண்டு. மீன் மட்டும் இல்லை. எனவே சென்னையின் வாழைத்தண்டுச் சூப்பு, மீனை இழந்த மொய்ங்காக் குழம்பே என்று கொள்வது தகும். வாழைத்தண்டைத் தமிழரும் பொரியலாகவும் கூட்டாகவும் உண்பவர் ஆதலால், அது வேற்றுப் பொருளாகத் தோன்றவில்லை. இரு சமையல் மரபுகளுக்கும் பொதுவாக இருந்த பொருள் நீடித்தது. ஒன்றுக்கு மட்டுமே உரியது நழுவியது. புளி, மிளகாய், பூண்டு, கடலைமாவு அனைத்தும் இவ்விதிக்கு உட்பட்டே நிற்கின்றன.

கடலையின் வரலாறு இன்னும் சுவையானது. பர்மியத்தில் கொண்டைக்கடலைக்கு ‘கலா பே’ என்று பெயர். இந்தியரின் பயறு என்பது பொருள். ‘கலா’ என்பது இந்தியரைக் குறிக்க வழங்கி, நாளடைவில் இழிவுப் பொருளும் ஏற்ற சொல். பர்மியர் சமையலில் கடலைமாவு இன்றியமையாத இடம் பெற்றுவிட்ட பின்னும் அதன் பெயரில் அயன்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரோட்டாவை அங்குப் ‘பலாத்தா’ என்பர். தோசை ‘தோஷே’ ஆயிற்று. சமோசாவைத் துண்டாக்கிப் புளிக்கரைசலும் முட்டைக்கோசும் சேர்த்துப் பிசைந்து ‘சமூசா அத்தோ’ என்று விற்பர். ஆகவே இரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த அத்தோவைக் கலப்பற்ற பர்மிய உணவு என்றல் பொருந்தாது. அங்குச் சென்ற இந்தியர் கையும் சேர்ந்து உருவாக்கிய நகர உணவு அது. சென்னைக்கு வந்தது இரண்டாம் கலப்பு. இதனை உணராது, இன்று கடைப்பலகைகளிலும் இதழ்களிலும் ‘அசல் பர்மா உணவு’ என்று எழுதுவது வரலாற்றின் பாதியை மறைத்துவிடுகிறது.

மலேசியாவின் பினாங்கு இதற்கு நல்ல ஒப்புமை. அங்கும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு. 2008இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்து அது இடம்பெற்றது. சீனரின் மீ எனும் நூடுல்ஸைத் தமிழ் முசுலிம்கள் எடுத்து, மிளகாய் விழுதும் புளியும் சேர்த்து மீ கோரெங் ஆக்கினர். தோளில் காவுகம்பு தாங்கிச் சோறும் குழம்பும் விற்றவர்களின் பண்டம் நாசி கண்டார் என்று பெயர்பெற்றது. ‘கண்டார்’ என்பது அக்காவுகம்பின் மலாய்ப் பெயர். 2020இல் சிங்கப்பூரின் அங்காடிக்கடைப் பண்பாடு யுனெசுகோவின் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இவ்விரு நகரங்களிலும் தெருவில் விற்ற ஏழைத் தொழிலாளியின் உணவை அரசே மரபு என்று ஏற்றது. சென்னையில் அத்தகைய ஏற்பு இதுவரை நிகழவில்லை.

கலந்து வாழ்தல் மட்டும் போதுமா

பல்வகை மக்கள் கூடினால் தெருவுணவு பிறக்கும் என்னும் கருத்துக்கு எதிர்ச்சான்று தமிழகத்திலேயே உண்டு. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று பதிவுசெய்யப்பட்டது. சோவியத் நாட்டின் உதவியோடு அனல்மின் நிலையம் எழுந்தது. முதற் சுரங்கத்திலேயே செருமானியரின் தொழில்நுட்பம் வந்தது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரம் முதலிய மாநிலங்களிலிருந்தும் பணியாளர் வந்து குடியேறினர். வட்டம் வட்டமாகப் பகுக்கப்பட்ட நகரியத்தில் பல மொழிகள் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்பட்டன. கலப்பு என்று நோக்கினால் இரண்டாம் கடற்கரைச் சாலைக்கு இது குறைந்ததன்று. ஆயினும் நெய்வேலிக்கே உரியதெனத் தமிழகமெங்கும் பெயர் பரவிய தெருவுணவு ஒன்றும் தோன்றவில்லை.

இதன் காரணத்தைச் சுவையில் தேடுவதில் பயனில்லை. சம்பளப் பட்டியலில் தேட வேண்டும். 250 பேருக்கு மேல் பணியாற்றும் தொழிற்கூடத்தில் உணவகம் அமைக்க வகைசெய்தது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். சுரங்கங்களுக்கும் இத்தகைய விதி உண்டு. அதனால் உணவு வாயிலுக்கு உள்ளேயே கிடைத்தது. குடியிருப்பும் மாதச் சம்பளமும் பெற்ற மலையாளியோ தெலுங்கரோ தம் வீட்டு உணவைத் தெருவுக்குக் கொண்டுவந்து விற்க வேண்டிய தேவை எழவில்லை. அவரவர் சுவை அவரவர் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்தது. பண்டிகை நாளில் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் சென்றது. விலைக்கு வரவில்லை.

நகரியத்தின் திட்டமிட்ட எல்லைக்கு வெளியே கடலூர்–விருத்தாசலம் சாலையில் அமைந்த மந்தாரக்குப்பத்தின் நிலை வேறு. நகரியத்தில் இடமில்லாத சில்லறை வணிகத்தை இத்தகைய விளிம்பூர்களே ஏற்றன. முறைநேரப் பணி முடித்து வருவோரும் பேருந்துக்குக் காத்திருப்போரும் ஒப்பந்தத் தொழிலாளரும் இக்கடைத்தெருவின் வாடிக்கையாளர். வாயிலுக்கு உள்ளே நிறுவனம் நடத்தும் உணவகம், வெளியே தெருக்கடை என்னும் இவ்விரட்டை அமைப்பு இந்தியத் தொழில்நகரங்கள் பலவற்றுக்கும் பொது. மந்தாரக்குப்பம் போன்ற கடைத்தெருக்களில் வடமாநில ஒப்பந்தத் தொழிலாளரின் உணவு இனி எவ்வடிவில் விலைக்கு வரும் என்பது கவனித்தற்குரியது. நிரந்தரப் பணி சுருங்கி ஒப்பந்தப் பணி பெருகும் இடத்தில், வீட்டுச் சுவை தெருவுக்கு இறங்கும் வாய்ப்பும் பெருகுகிறது.

இரண்டாம் ஒப்பீடு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர். பர்மாவில் கடைகள் நாட்டுடைமையான அதே 1964இல், அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் வழியே தமிழகம் வந்த மலையகத் தமிழருள் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டத்தில் வேலை தரப்பட்டது. கூலி குறைவே, எனினும் கூலி இருந்தது, தோட்ட வரிசைவீடும் இருந்தது. அவர்கள் கொண்டுவந்த தேங்காய் ரொட்டியும் சம்பலும் பெரும்பாலும் வீட்டுணவாகவே நின்றன. ஒரே ஆண்டின் அரசியல் முடிவுகளால் இரு நாடுகளிலிருந்து பெயர்ந்த இரு தமிழ்க் குழுக்கள். ஒன்றின் உணவு நகரத்தின் அடையாளமாயிற்று, மற்றதன் உணவு மலைச்சரிவில் தங்கியது. பண்பாட்டு வேறுபாட்டால் இதனை விளக்க இயலாது. ஒரு குழுவுக்கு அரசு வேலை தந்தது. மற்றொன்றுக்குத் தெருவோர இடம் தந்தது.

மணிப்பூரின் எல்லையூரான மோரேயில் மூன்றாம் நிலையைக் காணலாம். தமிழகத்தில் பிழைக்க வழியின்றிப் பர்மாவுக்கே தரைவழியாகத் திரும்ப முயன்று, எல்லையில் தடைபட்டு, அங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் அவ்வூரில் கோயில் எழுப்பி வாழ்கின்றனர். சென்னையில் அத்தோ விற்றவர்களின் உறவினர் அங்கு இட்டலியும் தோசையும் விற்றனர். எவ்விடத்தில் எது அரிதோ அதுவே விலைபோகும் என்னும் சந்தை நியதி, ஒரே குடும்பத்தைக்கூட இரு வேறு அடுப்புகளின் முன் நிறுத்தியது.

சட்டமும் சான்றும்

அத்தோவை இன்று விற்பவர் பலர் தாயகம் திரும்பிய குடும்பத்தினர் அல்லர். திருச்சி, மதுரை போன்ற நகரங்களின் தள்ளுவண்டிகளிலும் அது கிடைக்கிறது. உணவு பரவுவதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பெயர் பரவும் வேகத்தில் அதன் வரலாறு பரவவில்லை. பர்மா என்பது சுற்றுலாக் கவர்ச்சியுடைய அயல்நாட்டுப் பெயராக மட்டும் எஞ்சும்போது, அகதியாக வந்திறங்கிய தமிழர் அப்பெயரிலிருந்து உதிர்ந்துவிடுகின்றனர்.

இது நினைவைப் பற்றிய கவலை மட்டுமன்று. 2014ஆம் ஆண்டுத் தெரு வணிகர் (வாழ்வாதாரப் பாதுகாப்பும் தெரு வணிக ஒழுங்குமுறையும்) சட்டம் நகர வணிகக் குழுக்களை அமைக்கவும் தெரு வணிகரைக் கணக்கெடுக்கவும் வகைசெய்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, 50 ஆண்டுகளுக்கு மேல் தெரு வணிகர் தொழில் நடத்திய இயற்கைச் சந்தைகள் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்கப்பட வேண்டும் என்றும், அங்குள்ள வணிகரை இடம்பெயர்க்கலாகாது என்றும் கூறுகிறது. பர்மா பஜார் 2019இல் 50 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அரசே ஒதுக்கிய கடைவரிசையும் அதனைச் சூழ்ந்து தாமாகத் தோன்றிய உணவுக்கடைகளும் ஒன்றாகக் கொள்ளத்தக்கனவா என்பது சட்ட வல்லுநர் ஆராய வேண்டிய வினா. எவ்வாறாயினும், உணவுக்கடைகள் 50 ஆண்டுகளாக அவ்விடத்தில் தொடர்ந்து இயங்கின என்பது முதலில் நிறுவப்படவேண்டும். துறைமுகத்தையும் இரயில் நிலையத்தையும் ஒட்டிய நிலத்தின் மதிப்பு உயரும்தோறும் இவ்வினாவின் கூர்மையும் உயர்கிறது.

நிறுவுவதற்கு உரிய சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. தாயகம் திரும்பியோர்க்கு வழங்கப்பட்ட அடையாள அட்டைகள், சிறுதொழில் கடன் ஆணைகள், கூட்டுறவு வங்கியின் உறுப்பினர் பதிவேடுகள், மாநகராட்சி வசூலித்த தரைவாடகைச் சீட்டுகள் ஆகியவை குடும்பப் பெட்டிகளிலும் அலுவலகக் கட்டுகளிலும் உள்ளன. இவற்றோடு வாய்மொழி வரலாறும் தேவை. முதற் கடைகளை நடத்தியோர் யாவர், நூடுல்ஸை எவர் செய்து தந்தனர், மீன்சாறு எந்த ஆண்டில் கைவிடப்பட்டது, இரங்கூனில் மொய்ங்கா விற்றவர்களுள் பெண்கள் மிகுதியாக இருக்கச் சென்னைத் தெருவில் ஆண்களே முன்னிற்பது எவ்வாறு நேர்ந்தது ஆகிய வினாக்களுக்கு எழுத்துச் சான்றில் விடை இராது. 1964இல் 20 வயதில் கப்பலேறியவருக்கு 2024இல் வயது 80. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் வாய்மொழி வழக்காற்றுத் திட்டங்கள் இதுவரை சிற்றூர்களையே பெரிதும் நாடியுள்ளன. கடற்கரை நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும் என்னும் தொலைவில் உள்ள இக்களம் இன்னும் முறையான பதிவுக்குக் காத்திருக்கிறது.